டிரைவர் கைக்கு வந்த சக்களத்தி

அந்த டிரைவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. மரக்கடை நிறுத்தத்தில் மட்டும் அவர் பேருந்தைக் கம்பத்துக்கு நேராக நிறுத்த மாட்டார். காத்திருக்கிற சனம் கையைக் காட்டிக்கொண்டே நிற்கும். வண்டி அவர்களைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் மூச்சு விடும். பின்னாலேயே ஓடி வருகிறவர்கள் சும்மா ஏறுவார்களா?

"ஏன் டிரைவரே, கம்பம் என்ன உங்களுக்கு அழகு காட்டவா நட்டிருக்கு?"

"பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குதுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார்.

பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை. கம்பம் இருந்த இடத்தில் தரை பள்ளம். அங்கே நின்றால் பேருந்தின் படி இடுப்பு உயரத்துக்குப் போய்விடும். தினமும் காலையில் சிவப்புப் பை வைத்த ஓர் அம்மாள் அங்கே ஏறுவார். அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. பத்தடி தள்ளினால் நடைபாதை மேடாகிப் படிக்குச் சமமாக இருக்கும். அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஏறிக்கொள்வார். யாருக்காக வண்டி தள்ளி நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது, திட்டிக்கொண்டு ஓடி வந்தவர்களுக்கும் தெரியாது.

டிரைவரின் மனைவிக்குத் தெரிந்தது. ஒருநாள் அவள் அதே வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். வண்டி தள்ளி நின்றதைப் பார்த்தாள், கண்ணாடியில் டிரைவரின் கண் அந்தச் சிவப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவள் மனசு அப்படி. கடவுள் அவளுக்கு உழைக்கிற கையையும் இரங்குகிற நெஞ்சையும் கொடுத்தார், கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலையும் வைத்து அனுப்பிவிட்டார்.

"யாருங்க அந்தச் சிவப்புப் பை?"

"எந்தப் பை?"

"உங்க பிரேக்கு யாரைப் பார்த்தா லேட்டாப் பிடிக்குதோ, அந்தப் பை."

அவர் சிரித்தார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கண்டக்டர்தான் வீட்டுக்கு வந்து பள்ளத்தையும் மேட்டையும் முழங்காலையும் விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அடுப்படியில் நின்றபோது ஒரு பொறி மட்டும் அணையவில்லை. எனக்காக ஒரு தடவையாவது பத்தடி தள்ளி நிறுத்தியிருக்கிறாரா இந்த மனுஷர்?

*

ஓய்வு பெற்ற அடுத்த வருடம், முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தரையில் கிடந்தார். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் தடித்து, பிறகு சரியாகிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது. இடது கைதான் வரவில்லை. கியர் போட்ட கை அது. விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் மடங்கி, இன்னும் கியர் கம்பியின் குமிழைப் பிடித்திருப்பது மாதிரியே இறுகிக் கிடந்தது.

அவள் தெருவோரச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மாடியில் வீடு, கீழே கடை. காலையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பாள். முன்பெல்லாம் பொதுவாக எல்லாருக்காகவும் வேண்டுவாள். இப்போது வேண்டுதல் ஒன்றே ஒன்றாகக் குறுகிவிட்டது: அந்தக் கை திறக்க வேண்டும்.

மதியம் மாடிக்கு ஓடுவாள். கடையிலிருந்து கொண்டுபோன சூடான துண்டை அந்தக் கையில் சுற்றுவாள். எண்ணெய் தேய்த்து, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். பிரித்த விரல் கொஞ்ச நேரம் நீண்டு கிடக்கும். கஞ்சி போட்ட துணியை நீவி விட்ட மாதிரி அவளுக்கு ஒரு நிறைவு வரும். அவள் கையை எடுத்ததும் விரல்கள் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும்.

"நீங்க கொஞ்சம் மனசு வையுங்களேன்."

"மனசு வைக்கிறேன்மா. கைதான் மனசு வைக்க மாட்டேங்குது."

அப்படியே மாதங்கள் போயின. அவர் கை, கால் பயிற்சிக்குப் போகிற நிலையத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எல்லாரும் பிசியோ பொண்ணு என்பார்கள். சின்ன வயசு, வேகமான நடை, ஐயா அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள்தான் டிவியோடு இணைக்கிற ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இனிமே நீங்க வீடியோ கேம் விளையாடப் போறீங்க."

"இந்த வயசுலயா? என் பேரப்பிள்ளை வாயால சிரிக்க மாட்டான்மா."

"சிரிக்கட்டும். நீங்க கையைத் திறங்க, போதும்."

சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பிடி. அது கையை விட்டு நழுவாமல் இருக்க, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வாட்ச் பட்டை மாதிரி துளை போட்ட ஒரு பட்டை. டிவித் திரையில் ஒரு முற்றம், முற்றம் நிறையப் புறாக்கள், ஓரத்தில் ஒரு தானிய மூட்டை. கையை மூட்டைக்கு நேராகக் கொண்டுபோய் இறுக்கினால் தானியம் அள்ளும். புறா நிற்கிற இடத்துக்குக் கையை நகர்த்தி விரலை விட்டால் தானியம் விழும். தாமதித்தால் புறா பறந்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் நாள் டிரைவர் முக்கி முக்கிக் கையை நகர்த்தினார். தோள் நடுங்கியது. புறாக்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தன. இடது கைச் சுண்டு விரல் எழுந்தது. அடுத்த விரல் எழுந்தது. நாலு மணி தானியம் திரையில் விழுந்தது.

"எக்ஸலண்ட்!" என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். தேன் வடிகிற குரல்.

"தேங்க்ஸ்மா" என்றார் டிரைவர், திரையைப் பார்த்து.

பிசியோ பொண்ணு கை தட்டினாள். பக்கத்தில் நின்ற மனைவிக்குக் கண்ணில் நீர் வந்தது, கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தாள். அந்தக் கையை எடுப்பதற்குள்ளேயே உள்ளே சுருக்கென்று ஏதோ குத்தியது. இத்தனை மாசம் எண்ணெயும் சூடும் கண்ணீருமாக நான் கெஞ்சினேன், எனக்குத் திறக்காத கை, எவளோ ஒருத்தியின் புறாவுக்குத் திறந்துகொண்டதே!

*

பெட்டி வீட்டுக்கே வந்துவிட்டது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அதற்கு மேல் கூடாது என்று பிசியோ பொண்ணு சொல்லித்தான் அனுப்பினாள். டிரைவர் கேட்பாரா? கடிகாரத்தைப் பார்த்து வண்டி எடுத்த மனுஷர், கடிகாரத்தையே மறந்துபோனார்.

நல்லதும் நடந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. தோள் மேலே ஏறியது. சட்டைப் பொத்தானை இடது கையால் தடவிப் பார்த்தார். மூலையில் சாய்ந்து கிடந்தவர் எழுந்ததும் முகம் கழுவினார், தலை வாரினார். பழைய சவாரிக் கதையெல்லாம் நினைவுக்கு வந்து வாய் விட்டுச் சிரித்தார். கெட்டதும் நடந்தது. திரையை நோக்கிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பிடரி வலித்தது. கண் சிவந்து நீர் கொட்டியது. ஒரே இடத்தில் உட்கார்ந்து கால் வீங்கியது. நடைப் பயிற்சிக்கு எழுப்பினால் எரிந்து விழுந்தார், பிறந்ததிலிருந்து எரிந்து விழாத மனுஷர்.

"சாப்பாடு ஆறுதுங்க."

"இரு, இந்த வெள்ளைப் புறா ஒண்ணு மட்டும்."

"எனக்கு வெள்ளைப் புறாவும் வேணாம் கறுப்புப் புறாவும் வேணாம். நான் போட்ட சாப்பாடு ஆறுது."

"எக்ஸலண்ட்!" என்றது பெட்டி.

"தேங்க்ஸ்மா" என்றார் டிரைவர்.

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை சட்டை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்திருப்பாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாயிலிருந்து ஒரு தேங்க்ஸ் விழுந்ததுண்டா?

கடையில் துணி மடிக்கிற ஒருத்தி உண்டு. அவளை மடிப்பு என்றே கூப்பிடுவார்கள். துணியை மடிக்கிற கைக்கு இருக்கிற பொறுமை அவள் வாய்க்குக் கிடையாது.

"என்னக்கா, முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது?"

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான். அவர் அந்தப் பெட்டி முன்னாடியே கிடக்கிறாருடி. நான் பேசினா காது கேக்கல. அது பேசினா பதில் சொல்றாரு."

"என்ன பதில்?"

"தேங்க்ஸாம்."

மடிப்பு போர்வையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு சிரித்தாள். "சக்களத்தியா? அதுவும் கரண்டுல ஓடுற சக்களத்தி! சமைக்க வேணாம், துவைக்க வேணாம், கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்கும் போகாது. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீயும் கரண்டுல பிறந்திருக்கலாம்."

"சிரிடி, சிரி. உன் வீட்டுக்கு ஒருத்தி வரட்டும்."

"என் வீட்டுக்காரருக்கு நானே அதிகம்." மடிப்பு போர்வையை அடுக்கில் வைத்தாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன். சக்களத்திகிட்ட என்னதான் இருக்குன்னு ஒரு தடவை நீயே பார்த்துட வேண்டியதுதானே?"

விளையாட்டாகச் சொன்னாள். அது ஈரத் துணியில் சாயம் பிடிக்கிற மாதிரி இவள் மனசில் பிடித்துக்கொண்டது.

*

டிரைவர் மதியம் சாப்பிட்டதும் உள் அறையில் கொஞ்சம் தூங்குவார். ஒருநாள் அவர் குறட்டை கேட்ட பிறகு, அவள் பெட்டியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பட்டையை எடுத்துக் கட்டினாள். அவர் மணிக்கட்டு பருமன், கடைசித் துளையில் கட்டுவார். அவளுக்கு மூன்றாவது துளை சரியாக இருந்தது. திரையில் அவர் பெயர் இருந்தது. வேறு எதையும் அமுக்கத் தெரியாமல் அதையே அமுக்கினாள்.

'வா, உன்னைப் பார்க்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். இஸ்திரி போட்டு உரமேறிய கை. அள்ளினாள், நகர்த்தினாள், விட்டாள். புறாக்கள் சிறகடித்து ஓடி வந்து கொத்தின. குட்டிப் புறா ஒன்று பின்தங்கி நின்றது. அதற்கென்று தனியாக அள்ளிப் போட்டாள். அது திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டியது. தன்னை அறியாமல், "வாடி, வாடி என் கண்ணு" என்றாள். சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கடைக்குத் திரும்பும்போது தாமதமாகிவிட்டது.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். வேவு பார்க்கத்தான் போகிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வாள். வேவு பார்க்கப் போனவளே அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் அடியில் வலி கண்டது. யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக் காலரில் ஆவியைப் பார்த்தபடி நின்று, இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, பழுப்பாகத் தீய்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கையில் தீய்ந்த முதல் காலர் அது. எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது வேறு. காலையில் வேண்டுதலுக்குக் கண்ணை மூடினால் கடவுள் வரவில்லை, புறா வந்தது.

'மன்னிச்சிரு சாமி, நாளையிலேருந்து தொட மாட்டேன்' என்பாள். நாளை மதியம் வரும். உள் அறையில் குறட்டை கேட்கும்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் பெட்டி ஒவ்வோர் ஆட்டத்தையும் தனக்குள் பதிந்துவைத்துக்கொள்கிறது, கை எத்தனை தூரம் போனது, விரல் எவ்வளவு சீக்கிரம் விட்டது என்பது வரை. அதைப் பார்த்துத்தான் பிசியோ பொண்ணு ஆட்டத்தை வைப்பாள்.

பெட்டியோடு நிலையத்துக்குப் போன அன்று, அந்தப் பெண் தன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

"ஐயா! கை பறக்குது! எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இவ்வளவு வேகமாத் தேறினதில்லை. இனிமே உங்களுக்குக் கஷ்டமான கட்டம்தான்."

டிரைவர் மடியில் இருந்த பட்டையை விரலால் தடவினார். மனைவி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

*

புதிய கட்டத்தில் புறாக்கள் திரையின் எட்டாத மூலைகளில் இறங்கின. இறங்கின வேகத்தில் பறந்தன. டிரைவரின் கை பாதி வழி போவதற்குள் முற்றம் காலி. தேன் குரல் இப்போது "எக்ஸலண்ட்" சொல்வதில்லை. "ட்ரை அகெய்ன்" என்றது, "ட்ரை அகெய்ன்" என்றது. அதற்கும் முதல் இரண்டு நாள் "சரிம்மா" என்று பதில் சொன்னார். பிறகு அதுவும் நின்றது. பிறகு அவர் பெட்டியைப் போடுவதும் நின்றது.

"ஏங்க, இன்னைக்கு விளையாடல?"

"கண்ணு வலிக்குது."

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன? அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. சக்களத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மனுஷர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்! மறுபடி சூடான துண்டு, மறுபடி எண்ணெய். அவர் கையை அவள் மடியில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பார்த்தாயா, கடைசியில் என்னிடம்தான் வர வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட.

அது அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பிரித்த விரல்கள் முன்னைவிட வேகமாக உள்ளே போயின. பொத்தானைத் தடவிய விரல் தடவ மறந்தது. டிரைவர் தலை வாரவில்லை. ஒருநாள் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"விட்டுடும்மா. இந்தக் கை ரிவர்ஸ்ல போகுது."

அவள் கையில் இருந்த எண்ணெய் சில்லிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் வேண்டியது என்ன? இந்தக் கை திறக்க வேண்டும் என்றுதானே வேண்டினேன். திறந்தது. என் கையால் திறக்கவில்லை என்பதற்காக நானே அதை மறுபடி மூடிவிட்டேனே. கடவுள் கொடுத்ததை, கொடுத்த வழி பிடிக்கவில்லை என்று தட்டிவிட்ட பாவி நான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர் கண்ணை மூடியிருந்தார்.

*

மறுபடி நிலையத்துக்குப் போகிற நாள் வந்தது. பிசியோ பொண்ணு லேப்டாப்பைப் பார்த்தாள். மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போய்ப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"ஐயா, எனக்குப் புரியல. போன தடவை அப்படி விளையாடினீங்க. இந்தத் தடவை ஒரு புறாவுக்குக்கூடப் போட முடியல. அப்புறம் தொடவே இல்லை. நடுவுல என்ன ஆச்சு?"

டிரைவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"கை கொஞ்சம் லேட்டாப் பிடிக்குதும்மா."

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அவள் அறிவாள். அந்தச் சொல்லை அவர் யாருக்காகவோ ஏச்சு வாங்கும்போது மட்டும்தான் சொல்வார். பள்ளத்தில் நிற்கிற யாருக்காகவோ. இன்றைக்குப் பள்ளத்தில் நிற்பது யார்?

"கை இல்ல பாப்பா" என்றாள். "அவர் கை இல்ல. போன தடவை பறந்தது என் கை. அவர் தூங்குறப்ப நான்தான் உட்கார்ந்து விளையாடினேன்."

பிசியோ பொண்ணு வாயைப் பிளந்தாள். "அம்மா, நீங்களா?"

"எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே வயிறு எரிஞ்சுது. அவ என்னதான் வச்சிருக்கான்னு பார்க்கப் போனேன்..."

"எவ?"

"அதான், எக்ஸலண்ட் சொல்றாளே, அவ."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு சிரிப்பு தானாகப் போய்விட்டது. "அம்மா, உங்க கையை வச்சு இவருக்குக் கட்டம் போட்டுட்டேன் நான். கால் உடைஞ்சவரை ஓட்டப் பந்தயத்துல நிறுத்தின மாதிரி. பாவம், தன் கைதான் பின்னாடி போகுதுன்னு நினைச்சிருப்பாரு. கை கோணலை நான் மெதுவா நிமிர்த்திடுவேன். மனசு ஒரு தடவை சுருண்டுட்டா அதை நிமிர்த்துறதுதான் கஷ்டம்." தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "நானாவது கேட்டிருக்கணும். சந்தோஷத்துல கேக்கல."

அங்கேயே உட்கார்ந்து கட்டத்தை இறக்கினாள். பெட்டியில் இன்னொரு பெயரையும் ஏற்றினாள். "இது உங்களுக்கு அம்மா. இனிமே திருட்டு ஆட்டம் வேணாம். உங்களுக்கும் அரை மணிதான்."

*

திரும்பி வரும்போது பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் ஓட்டுகிறவரின் கியரையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாளே."

"எப்படி?"

"டிப்போவுல என் வண்டியை வேற ஒருத்தர் எடுத்தா, மறுநாள் ஏறி உட்கார்ந்ததுமே தெரிஞ்சிடும். சீட்டு நகர்ந்திருக்கும், கண்ணாடி சாய்ஞ்சிருக்கும். பட்டை மூணாவது துளையில இருந்துச்சு. வீட்டுல அவ்வளவு சின்ன மணிக்கட்டு வேற யாருக்கு?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெட்டியைத் துடைத்து வைத்தாள், சத்தத்தைப் பழையபடி ஏற்றி வைத்தாள், பட்டையை மறந்துபோனாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு மாலையும் இந்த மனுஷர் ஒற்றைக் கையாலும் பல்லாலும் கடித்து இழுத்து அந்தப் பட்டையைத் தன் துளைக்கு மாற்றியிருக்கிறார். ஒரு நாளும் அவளை உதவிக்குக் கூப்பிடவில்லை.

"ஏங்க சொல்லல? கட்டம் ஏத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விட்டுடுவே."

"விட்டுடணும்தானே!"

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"வாடி வாடி என் கண்ணுன்னு கொஞ்சினியே. அப்புறம் சிரிச்சே. உள்ளே படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன். சின்னப் பொண்ணு சிரிக்கிற மாதிரி. நான் விழுந்ததிலேருந்து நீ சிரிக்கவே இல்லை."

"குறட்டை விட்டீங்களே!"

"குறட்டையும் கொஞ்சம் நானே விட்டதுதான்." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஆனா எரிச்சலா இருந்துச்சும்மா. இத்தனை வருஷத்துல நான் உன்னை அப்படிச் சிரிக்க வச்சதில்லை. ஒரு குட்டிப் புறா வச்சிடுச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் பக்கம் மட்டும்தான் எரிகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தப் பக்கமும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய இறுகிய இடது கை முட்டியின் மேல் தன் கையை வைத்தாள். அன்றைக்கு அது திறக்கவில்லை. அவள் பிரிக்கவும் இல்லை.

*

அதன் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அரை மணி அவர், அரை மணி அவள், நடுவில் மாடிப்படி இறங்கி ஏறுவது இரண்டு பேரும். பெட்டியில் பெயர் இரண்டு, பட்டை ஒன்றுதான். யார் கடைசியாக விளையாடுகிறார்களோ அவர்கள் அடுத்தவர் துளைக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். இரண்டு பேரும் அதை மறப்பார்கள், இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போடுவார்கள்.

"எக்ஸலண்ட்" என்று தேன் குரல் அவரைப் பார்த்துச் சொன்னால் அவளுக்கு இன்னமும் சுருக்கென்றுதான் இருந்தது. குணம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஆனால் டிரைவர் இப்போது பதில் சொல்வதற்கு முன் அவள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அவள் முறைப்பாள். அவர் வாயை மூடிக்கொள்வார். ஒருநாள் அவள் சட்டையை மடித்துக் கையில் கொடுத்தபோது, "தேங்க்ஸ்மா" என்றார். மறுநாள் கடையில் அதைச் சொல்லிக் காட்டினாள். "கரண்டுக்காரி சொல்லிக் கொடுத்தாளா?" என்றாள் மடிப்பு. "சொல்லிக் கொடுத்தா என்ன, வந்து சேர்ந்துச்சில்ல" என்றாள் இவள்.

கை மெல்ல மெல்லத் திறந்தது. தம்ளரைப் பிடித்தது, விட்டது. காலையில் அவள் கண்ணை மூடி நிற்கும்போது புறாக்கள் எப்போதாவது வரும். அவற்றையும் கடவுள்தான் அனுப்பியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

மழை விட்ட ஒரு காலை. டிரைவர் தேநீர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. மடிப்புதான் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து நீளமான வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் பக்கத்திலேயே ஓடினாள். அவர் இடது கை அவள் விரல்களைப் பிடித்திருந்தது. இறுக்கமாக, சூடாக, அந்தக் கை.

கண்ணாடிக் கதவு வந்தது. "இதுக்கு மேல நீங்க வரக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ்.

டிரைவரின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுண்டு விரல், அடுத்தது, அடுத்தது. தானியத்தை விடுகிற மாதிரி அவள் கையை விட்டன. அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் பழைய பொறாமை நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பாவி புறாக்கள் இதற்குப் பிடியை விடக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால், பழைய முட்டியாகவே இருந்திருந்தால், இந்தக் கை என்னை விட்டிருக்குமா?

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பி வரப் போகிறவரிடம் பேசுகிற மாதிரி ஏதாவது பேச வேண்டும் என்று தேடினாள். நேற்று கடைசியாக விளையாடியது அவள்தான். பட்டையை மாற்றி வைக்கவில்லை.

"பட்டை என் துளையிலயே கிடக்குங்க. நான் போனதும் உங்க துளைக்கு மாத்தி வச்சிடறேன்."

தள்ளுவண்டி பாதிக் கதவுக்குள் போய்விட்டது. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வேணாம்மா. உன் துளையிலயே இருக்கட்டும். நான் வந்து மாத்திக்கிறேன்."